வியாழக்கிழமை டப்பா

அந்தோணிராஜ் வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள்தான் அடுப்பு எரிகிறதாம். மீதி ஆறு நாளும் ஃபிரிட்ஜில் வைத்ததைத்தான் தின்கிறாராம். அதையும் பெண்டாட்டி குவைத்திலிருந்து போன் போட்டு இன்ன டப்பா என்று சொன்னால்தான் எடுப்பாராம். அவள் மறந்துபோன நாளில் மனுஷன் பட்டினியாம்.

இதை அந்தோணிராஜிடமே வந்து சொன்னவன் கஜபதி. இருவரும் திருநின்றவூரில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்குகிறவர்கள். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பக்கத்துப் பக்கத்துக் கம்பெனி. கஜபதிக்கு அவன் மனைவி சொன்னாளாம், அவளுக்குப் பால் பாக்கெட் போடுகிறவர் சொன்னாராம். பால்காரருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால் கஜபதி உதட்டைப் பிதுக்கினான்.

"பட்டினின்றது மட்டும் பொய், மாமே. மத்ததெல்லாம் கிட்டத்தட்ட கரெக்டு," என்றார் அந்தோணிராஜ்.

"அடப்பாவி! அப்ப ஞாயித்துக்கெழம வச்ச சாம்பார வெள்ளிக்கெழம துன்றியா?"

"சாம்பார் இல்ல. வெள்ளிக்கிழம கீரை."

கஜபதி சிரித்த சிரிப்பில், ஆவடியில் முண்டியடித்து ஏறிய கூட்டம்கூடத் திரும்பிப் பார்த்தது. அந்தோணிராஜும் சேர்ந்து சிரித்துவைத்தார். அம்பத்தூரில் இறங்கி நடக்கையில் அந்தச் சிரிப்பு எங்கோ குத்தியது. 'ஐஸ்ல வச்ச சோறு' என்று நாலு பேர் வாயில் விழுந்த சமையல் அவருடையது மட்டுமில்லையே.

அந்த ஏற்பாடு முழுக்கத் தெரசாவின் மூளையில் உதித்தது. குவைத் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, வேப்பம்பட்டில் வாங்கிப்போட்ட மனையில் அஸ்திவாரத்தோடு வீடு நின்றுபோயிருந்தது. மகள் ஜெபிஷாவுக்குத் திருச்சியில் கல்லூரியும் விடுதியும். ஒரு குடும்பத்துக்கு மூன்று ஊரில் சாப்பாடு. "கண்ட நேரத்துல கடையில பார்சல் கட்டினா வீடு அஸ்திவாரத்தோடதான் நிக்கும்," என்றாள். "தெனம் வேலவிட்டு வந்து என்ன சமைக்கிறதுன்னு நின்னீங்கன்னா அதுலயே உங்களுக்குப் பாதி உயிர் போயிடும். யோசனை என்னோடது. கை மட்டும் உங்களோடது."

அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு அங்கே விடுமுறை. பூசை முடிந்து அறைக்கு வந்ததும் அழைப்பாள். அடுத்த வாரம் என்ன என்று இருவரும் பேசி முடிப்பார்கள். சனிக்கிழமை இவர் சந்தைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து கைலியை மடித்துக் கட்டினால் மத்தியானம் வரை அடுப்படிதான். வெங்காயமும் தக்காளியும் ஒரே தடவையாக வதங்கி மூன்று பங்காகப் பிரியும். ஒன்று கத்தரிக்காய் காரக் குழம்புக்கு, ஒன்று முட்டைக்கு, ஒன்று கொண்டைக்கடலைக்கு. கொத்தமல்லிக் கட்டில் இலை ஒரு நாளுக்கு, காம்பு புதன்கிழமை ரசத்துக்கு. எதுவும் வீணாகாது. எதையும் யோசிக்க வேண்டாம். டப்பாவை எடு, சுட வை, சோறு வடி, உட்கார்.

டப்பாக்கள் மட்டும் அந்தோணிராஜின் பங்கு. லேத் கம்பெனியில் செக்கிங் வேலை அவருக்கு. பாத்திரக்கடைக்காரனிடம் பேர் வெட்டுகிற மெஷினைக் கேட்டு வாங்கி, எவர்சில்வர் டப்பா மூடிகளில் தன் கையாலேயே தி, செ, பு, வி, வெ, ச என்று வெட்டினார். ஒரே அளவில், ஒரே எழுத்தில், இரண்டு செட். ஒன்று இங்கே. இன்னொன்று தெரசாவின் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே விமானம் ஏறியது.

இவர் ஞாயிற்றுக்கிழமை சமைக்கப்போவதையே அவள் வெள்ளிக்கிழமைகளில் அங்கே சமைத்துவைத்தாள். பல பேருக்குப் பொதுவான அடுப்படி. முறைக்குக் காத்திருந்து சமைக்க வேண்டும். ஆனால் டப்பாவைத் திறப்பது இருவரும் ஒரே நாள், கூடிய வரைக்கும் ஒரே வேளை. முதல் வாரம் வீடியோவில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. "வேணாங்க, மூஞ்சியப் பாத்துக்கிட்டு சாப்பிட முடியல," என்றாள் தெரசா. அன்றிலிருந்து குரல் மட்டும். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொள்வார்.

"திறந்தாச்சா?"

"ஆச்சு."

"என்ன?"

"காரக் குழம்பு."

"எனக்கும் அதேதான்."

பிறகு பெரிதாகப் பேச்சிருக்காது. டப்பாவின் விளிம்பை அவள் விரலால் வழிக்கும் சத்தம் கேட்கும். அது கேட்டால் இவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். மூன்று வருஷமாக அதுதான் இருவருக்கும் குடும்பம் நடத்தியது.

வதந்தி ரயிலோடு நிற்கவில்லை. இவர் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்குக் கீழ்வீட்டில் கெங்கம்மாள் இருந்தாள். வாடகைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மகன் பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்குப் போய்விட்டு எப்போது வருவான் என்று அவளுக்கே தெரியாது. ஒரு புதன்கிழமை, இவர் ரசத்தைச் சுட வைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் மூச்சுவாங்கும் சத்தம் கேட்டது. கெங்கம்மாள் கையில் மூடி போட்ட தூக்கு.

"இன்னா நைனா, ஐஸ் பொட்டில வச்ச சோறு துன்றியாமே? ஊரே பேசிக்கினு கீது. ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"அதெல்லாம் நல்ல சாப்பாடுதாங்கா. வீட்டுல போட்ட திட்டம்..."

"திட்டமாம் திட்டம். கெவுருமெண்டா நடத்துற? நெத்திலிக் கொழம்பு கீது, சூடு ஆறங்காட்டியும் துன்னு."

அவள் இறங்கிப் போய்விட்டாள். மூடியைத் திறந்தார். மாங்காய் போட்ட நெத்திலி. ஆவி முகத்தில் அடித்தது. அந்த நேரம் பார்த்துச் சொம்பருகே போன் அடித்தது.

"திறந்தாச்சா?"

"ஆச்சு."

"என்ன?"

அந்தோணிராஜ் நெத்திலியைப் பார்த்தார். பொது அடுப்படியில் முறைக்குக் காத்து நின்று ரசம் வைத்தவளிடம், நான் இங்கே மீன் சாப்பிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தார்.

"ரசம். பீன்ஸ் பொரியல்."

"எனக்கும் அதேதான்."

முள் எடுக்கும் சத்தம் கேட்காமல் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் தூக்கைத் திருப்பித் தர வேண்டும். வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பக்கூடாது என்பது தெரசாவின் சட்டம். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பாள். சர்க்கரை வீட்டில் இருக்கத்தான் செய்தது. ஆனால் 'ஐஸ் பொட்டிச் சோறு' இன்னும் காதில் நின்றது. வியாழக்கிழமை டப்பாவை எடுத்தார். பருப்பு உருண்டைக் குழம்பு. கொதிக்கக் கொதிக்கச் சுட வைத்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, தூக்கு நிறைய ஊற்றிக்கொண்டு இறங்கினார். தின்று பார்த்துப் பேசட்டும்.

கெங்கம்மாள் விரலில் தொட்டு நக்கினாள். "அய்ய! நம்மள்த விட ஷோக்கா கீதே. யார் கை இது?"

"என் கைதான். பக்குவம் வீட்டுக்காரம்மாவோடது."

"அத்த சொல்லு."

அன்றைக்கு அவருக்கே குழம்பு இல்லை. ஊறுகாயோடு சாப்பிட்டார். தெரசாவிடம், "உருண்டைக் குழம்பு," என்றார். பொய் என்று நினைக்கவில்லை. அது உருண்டைக் குழம்பு நாள்தானே.

கெங்கம்மாளும் அதே சட்டத்தில் வளர்ந்தவள். நல்ல குழம்பு வந்த தூக்குக்குச் சர்க்கரையா போடுவாள்? சனிக்கிழமை கருவாட்டுத் தொக்கு வந்தது. அதற்கு இவர் முட்டைக் குழம்பு கொடுத்தார். அதற்கு அவள் ஆட்டுக்குடல். தூக்கு ஏறுவதும் இறங்குவதுமாக வாரங்கள் போயின. தெரசாவோடு பேசிவைத்த திட்டம் போனில் மட்டும் ஒழுங்காக நடந்தது.

நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் மறுநாள் காலையில் படியிறங்கும்போது கெங்கம்மாள் வாசலைப் பெருக்கிக்கொண்டே நிமிர்ந்து, "உப்பு சரியா கீதா நைனா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள், வாய் சொல்வது ஒன்றும் முகம் சொல்வது ஒன்றுமாக இருக்கிறதா என்று. நேருக்கு நேர் நின்று அப்படி ஒருவர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே அவர் சீக்கிரம் படியிறங்கினார்.

ஒரு நாள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தூக்கில் மாற்றி ஊற்றப் பொறுமையில்லாமல் 'வி' டப்பாவையே அப்படியே கொடுத்துவிட்டு ஓடினார். டப்பா கீழ்வீட்டிலேயே தங்கிப்போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து டப்பாதான் அடுக்கினார்.

அந்த வாரம், அன்பியம் என்கிற கோயில் குழுவின் ஜெபத்துக்கு வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒருத்தி, கீழே குழாயடியில் கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாவின் 'வி' வெட்டிய மூடியைப் பார்த்திருக்கிறாள். அவள் தங்கையும் தெரசா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். பால்காரர் வழி வந்த வதந்தி ஒரு சுற்று சுற்றி, உடையை மாற்றிக்கொண்டு கடல் தாண்டியது.

வெள்ளிக்கிழமை தெரசாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. குரல் பதிவு ஒன்று வந்தது. அந்தோணிராஜ் அதைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"ஜெபி அப்பா... வியாழக்கிழம டப்பா கீழ்வீட்டுக் குழாயடியில இருக்காமே. உங்களுக்குத் தெனம் கீழேருந்துதான் சாப்பாடாமே. நல்லா சாப்பிடுங்க, நான் வேணாம்னு சொல்லல. அந்தம்மா மகராசி, சூடா குடுக்குறாங்க. நான் தப்பா ஒண்ணும் நினைக்கல." யாரோ பின்னால் கிண்ணம் கழுவும் சத்தம். "ரசம்னீங்க. உருண்டைக் குழம்புன்னீங்க. எனக்கு டூட்டி முடிஞ்சு வந்து பசியே இருக்காது சில நாள். நீங்க அங்க அதையே சாப்பிடுறீங்களேன்னுதான் திறப்பேன். அப்ப இத்தன நாளா நான் யார்கூடங்க சாப்பிட்டேன்?"

அவ்வளவுதான். அவர் திருப்பி அழைத்தார். எடுக்கவில்லை. டூட்டியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை என்பது அவருக்குத் தெரியும்.

ஜெபிஷா கூப்பிட்டாள். "என்னப்பா செஞ்சீங்க? அம்மா எங்கிட்டயே சரியா பேசல."

"திட்டத்துல இல்லாத குழம்ப சாப்பிட்டுட்டேன்மா."

"ஒரு குழம்புக்காப்பா இவ்ளோ?" என்று சிரித்தாள். அப்பா கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். "சொல்லியிருக்கலாம்லப்பா. மீன் சாப்பிட்டேன்னா அம்மா என்ன, சண்டையா போடப்போறாங்க?"

அவர் அவளுடைய விடுதிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். என்ன வாங்குவதென்று தெரியவில்லை. மூன்று வருஷத்தில் அந்தக் கேள்வி அவர் முன்னால் வந்ததே இல்லை. கத்தரிக்காயை எடுத்தார், வைத்தார். "இன்னா சார், கல்யாண வூட்டுக்கா பாக்கற?" என்றாள் கடைக்காரி. கைக்கு வந்ததைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை சமைத்ததில் ஒன்றோடு ஒன்று சேராத பண்டங்களாக ஐந்து டப்பா நிறைந்தது. அன்று முழுக்கவும் அவள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும் கீழ்வீட்டு வாசலிலேயே நின்றார்.

"அக்கா, அந்த டப்பாவக் குடுத்துடுங்க. வெறுமனே குடுத்தா போதும்."

"வெறும் டப்பாவா? நல்லாகீதே. வெறும் பாத்திரம் குடுக்கற ஊடா இது?"

"இல்லக்கா, இன்னைக்கு மட்டும்..."

"நீ சும்மா நில்லு நைனா. மொகமே சரியில்ல ஒனக்கு." உள்ளே போனாள். மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பை டப்பா நிறைய ஊற்றி, மூடியை அழுத்தி, கையில் திணித்தாள். அடி சுட்டது. தோள் துண்டை மடித்துப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

சோறு வடித்தார். 'தி' டப்பாவைச் சுட வைத்துத் திறந்தார். சௌசௌவும் கொண்டைக்கடலையும் ஏதோ ஒரு குழம்பில் கிடந்தன. பக்கத்தில் 'வி' டப்பாவையும் திறந்து வைத்தார். எதையும் தட்டில் ஊற்றவில்லை. போனைச் சொம்பில் சாய்த்தார்.

என்ன சொல்வதென்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். அவள் 'என்ன' என்று கேட்டால், இருப்பதை இருக்கிறபடி சொல்வது. தெரசா, எனக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணு நானே தப்பும் தவறுமா வச்சது, ஒண்ணு கீழ்வீட்டுக் கருவாட்டுக் குழம்பு. இதத்தான் சாப்பிடப்போறேன். உனக்கு என்ன? வேற வேறயா இருந்தா இருக்கட்டும். நீயும் திற.

வழக்கமாக அவள் டப்பாவைத் திறக்கும் வேளை வந்தது. அவள் பேரை அழுத்தினார். நீளமாக அடித்து ஓய்ந்தது. கீழே கெங்கம்மாள் மகனுக்குப் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கத்திக்கொண்டிருந்தாள். கருவாட்டுக் குழம்பின் மேலே எண்ணெய் மெல்லப் படியத் தொடங்கியது.

கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டார். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. தட்டுக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார், அவள் எடுத்ததும் சாப்பிட ஆரம்பிக்கலாம் என்று. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.