பத்துப் பேராக இருந்தவர்

எங்கள் முதுகலை உளவியல் வகுப்பில் இருபத்திரண்டு பேர். அதில் ஒருத்திக்கு மட்டும் நாற்பத்தாறு வயது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, என்றோ பாதியில் விட்ட படிப்பைத் தூசி தட்டிக்கொண்டு வந்தவள். நாங்கள் அவளை அக்கா என்றோம். பஸ் டிரைவரான அவள் கணவரை மாமா என்றோம். எங்களுக்குள் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு: பத்துப்பேர்.

முதல் வருஷம் நினைவாற்றல் சோதனைக்குப் பயிற்சி. பதினைந்து சொற்களை வாசிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அரை மணி கழித்து மறுபடி சொல்ல வேண்டும். கூடவே ஒரு குட்டிக் கதை, பார்த்து வரைய ஒரு படம். இப்படிப் பத்துப் பேரிடம் செய்து, தாள்களை நிரப்பிப் பேராசிரியையிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரே ஆளை இரண்டாம் தடவை உட்காரவைக்கக் கூடாது. சொற்கள் மனதில் படிந்துவிட்டால் சோதனை பாழ்.

ஆனால் ஆளுக்கு எங்கே போவது? அக்கா எதிர்வீட்டுக்காரியைக் கேட்டாள். "ஏன், எனக்கு என்ன கழண்டா போச்சு?" என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள். அதற்கப்புறம் அக்கா யாரையும் கேட்கவில்லை. டியூட்டி முடிந்து வந்த மாமாவைச் சமையலறை மேசையில் உட்காரவைத்தாள். பத்துத் தடவை. தாளில் ஒருநாள் அவர் தையற்காரர், வயது ஐம்பத்தொன்று. இன்னொரு நாள் தபால்காரர். அப்புறம் காவலாளி, பூக்கடைக்காரர். மாமாவுக்கு ஒரே குஷி. கைகழுவிவிட்டு வந்து, "இன்னைக்கு நான் யாரு?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்காருவார்.

மதிப்பெண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பேராசிரியை தாள்களைப் புரட்டிவிட்டு, "உங்க பக்கம் எல்லாருக்கும் நல்ல ஞாபகசக்தி போல" என்று சிரித்துக் கையெழுத்துப் போட்டார். அக்காவை மட்டும் சொல்வானேன்? என் பத்தில் மூன்று பேர் இந்த உலகத்திலேயே பிறக்காதவர்கள்.

இரண்டாம் வருஷம் ஒருநாள், எட்டு வருஷத்துக்கு முன் ஓட்டிய பழைய வழியில் மாமா பஸ்ஸைத் திருப்பிவிட்டார். பயணிகள் கூச்சல் போட்ட பிறகுதான் நிறுத்தினார். வீட்டில் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். பதினைந்து நாள் கழித்து, நாற்சந்தியில் பச்சை விளக்கு எரிந்தும் வண்டி நகரவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டு, "எந்தப் பக்கம்டா?" என்று கேட்டாராம். அக்கா பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். படித்தவளுக்கு அதுதான் கஷ்டம், அடுத்து என்ன வரும் என்று தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த உளவியலாளர் எடுத்ததும் அதே தாள்தான். நம் மொழியில் சரிபார்த்த நினைவாற்றல் சோதனை அந்த ஆஸ்பத்திரியில் அது ஒன்றுதான் இருக்கிறது. கதவுக்கு வெளியே நின்ற அக்காவுக்கு மாமாவின் குரல் கேட்டது: ஏணி, தேன், சாவி, மேகம், கத்தரிக்கோல்... வரிசைகூடப் பிசகவில்லை. அரை மணி கழித்தும் அப்படியே. வரும் வழியில் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்த மனுஷன் அவர்.

"பதினஞ்சுக்குப் பதினஞ்சு! எல்லாம் உன் டிரெய்னிங்" என்று வெளியே வந்து அவள் தோளைத் தட்டினார். மூளை ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. நினைவாற்றல் மிக நன்று, அசதிதான் காரணம் என்று ரிப்போர்ட் வந்தது. அதை வைத்து, வண்டி ஓட்டத் தகுதி உண்டு என்று பஸ் அலுவலகம் முத்திரை குத்தியது.

அக்கா பேராசிரியை அறைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். பத்துப் பேரும் ஒருத்தர்தான் என்று சொல்லிவிட்டு நின்றாள்.

"இதை எழுதிக் குடுத்தா பட்டம் போயிடும். தெரியும்ல?"

"தெரியும் மேடம். அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கிட்டு இருக்காரு. பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க."

எழுதிக் கொடுத்தாள். பட்டம் போயிற்று. நான் என் மூன்று பேரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி உளவியலாளர், அக்கா கொண்டுபோன அந்தக் கடிதத்தின் நகலைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "இவருக்கு இனிமே இந்தச் சோதனை செல்லாதும்மா. வேற சோதனையும் கையில இல்ல. இந்தப் பதினஞ்சையும் அவர் மறக்குற வரைக்கும் என்னால உறுதியா எதுவும் எழுத முடியாது." முந்தைய ரிப்போர்ட்டை நம்ப முடியாது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பஸ் அலுவலகத்துக் குமாஸ்தா அதை இரண்டு முறை படித்தார். "நம்ப முடியாதுன்னுதானே போட்டிருக்கு? ஓட்டக்கூடாதுன்னு போடலையே." மாமாவோ, லீவு போடச் சொன்னாலே கோபித்துக்கொண்டு சாப்பாட்டை ஒதுக்கினார். ரிட்டயராக இன்னும் நாலு வருஷம் இருக்கிறதாம்.

எனக்குப் பட்டம் கிடைத்தது, அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலையும் கிடைத்தது. காலையில் மாமாவின் பஸ்ஸில்தான் போகிறேன். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் முதல் இருக்கையில் அக்கா உட்கார்ந்திருப்பாள். மாதப் பாஸ் எடுத்திருக்கிறாள். முதல் டிரிப்பிலிருந்து கடைசி டிரிப் வரை அவர் காதுக்குள், "நேரா போங்க. இப்ப இடது பக்கம். மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவாள். பயணிகள் அவளுக்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நிற்பேன்.

நேற்று சிக்னலில் வண்டி நின்றது. மாமா கண்ணாடியில் அவளைப் பார்த்து, "இன்னைக்கு நான் யாரு?" என்றார்.

விளையாட்டா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. விளக்கு பச்சைக்கு மாறியது, பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"பஸ் டிரைவர்ங்க" என்றாள். "வலது பக்கம் திரும்புங்க."