உப்புக் கரிக்காத நாட்களில் எங்கள் பல் டொக்டர்

டொக்டரின் ஊரான சிலாபத்திலிருந்து செய்தி வந்தபோது நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "டொக்டர் மௌத்தாப் போய்ட்டாராம் ராத்தா" என்றாள் என் தங்கை ஸிஹானா. அவர் இறந்துவிட்டார் என்றதும் அழுகைக்கு முன்னே எனக்குப் பயம் வந்தது.

பல் டொக்டர் அன்ரன் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முஸ்லிம்கள் என்று மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுத் தில்லையடியில் குடியேறிய எங்களிடம், யுத்தம் முடிந்த பிறகு கிளினிக் நடத்த வந்தவர் அவர். நான் அங்கே உதவியாள். பல்லில் படியும் அழுக்கை எந்த வாய் கொப்புளிக்கும் மருந்து நன்றாகக் குறைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினார். சம்மதித்த பெண்களில் பாதிப் பேருக்குச் சிவப்பு மூடிப் போத்தல், மற்றவர்களுக்கு நீல மூடி. "சாராயம் கலக்காததாப் பார்த்துத்தான் எடுத்தேன். வாய் கொப்புளிக்கிற நேரம் இதால கொப்புளியுங்க" என்றார். அந்த ஒரு சொல் எங்களைப் படுத்திய பாடு!

ஸிஹானாவுக்குக் கிடைத்தது சிவப்பு மூடி. கலியாணமோ நெருங்கிவிட்டது. மாதம் ஒன்று ஆகுமுன்னே அவள் பல்லெல்லாம் மண்ணிறம். சோற்றில் ஊற்றிய மீன் ஆணத்தை வாயில் வைத்தவள் அலறினாள். "உப்பே தெரியுதில்ல ராத்தா! எனக்கு என்னத்தக் குடுத்தார் அவர்?"

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கலியாணம் நின்றுவிடும். உம்மா தலையில் அடித்துக்கொண்டார். வெளியூர்க்காரன் எங்கள் பெண்களுக்கு நஞ்சு கொடுத்துவிட்டான் என்ற கதை அஸர் தொழுகைக்குள் தெருவெல்லாம் பரவிற்று. ஒருமுறை ஊரைவிட்டு ஓடியவர்கள் நாங்கள். கூட்டம் கூடும் சத்தம் கேட்டாலே கதவைத் தாழிடுவோம். அன்று கிளினிக் வாசலில் கூடியவர்கள் எங்கள் ஆட்களே. அது இன்னும் பயங்கரம்.

"பின் கதவால போங்க சேர்" என்று கெஞ்சினேன். போகவில்லை. சட்டைக் கொலரைப் பிடித்தவரிடமும் "நீங்க" என்றுதான் பேசினார். ஸிஹானாவைக் கதிரையில் இருத்தி, "எப்பெப்ப கொப்புளிச்சீங்க மகள்?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு ஒளுவுக்கும் சேர். மும்மூணு தரம்."

தொழுகைக்கு முன் ஒளு எடுக்கும்போது வாய் கொப்புளிப்போம். எங்களுக்கு 'கொப்புளிக்கிற நேரம்' என்றால் அதுதானே! காலையும் மாலையும் என்று அவர் மனதில் நினைத்தது வாயில் வரவில்லை. போதாக்குறைக்கு இவள் மேலால் பால் விடாத பிளேன்டீயும் குடித்துக் கறையைக் கூட்டியிருந்தாள்.

டொக்டரின் முகம் வெளிறியது. வாசலுக்கு வந்து, "பிழை என்ட. இந்தப் பிள்ளைகள்ட இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். கறையைத் தன் கையாலேயே தேய்த்து எடுத்தார். ருசி மட்டும் திரும்பவில்லை. தினமும் வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்பார், தலைகுனிந்து போவார். நாங்களும் உறங்கவில்லை, அவரும் உறங்கியிருக்கமாட்டார்.

ஒரு மத்தியானம் ஸிஹானா சோற்றைத் துப்பினாள். "யா அல்லாஹ்! உப்ப அள்ளிக் கொட்டிட்டீங்களே உம்மா!" அவளுக்கு ருசி தெரியட்டும் என்று உம்மா நாளுக்கு நாள் கூட்டிப் போட்டிருக்கிறார். அப்போது வந்த டொக்டர் வாசலிலேயே குந்திவிட்டார். கலியாணமும் நடந்தது. தன் கொலரைப் பிடித்தவரோடு டொக்டர் ஒரே சஹன் தட்டில் சோறு தின்றார்.

அழுக்கை நன்றாகக் குறைத்தது சிவப்பு மூடிதான் என்று பிறகு சொன்னார். ஆனாலும் கறையையும் ருசியையும் பற்றிச் சொல்லாமல் அதை ஒருவருக்கும் அவர் கொடுத்ததில்லை.

பின்னாளில் எங்கள் உடுப்பைக் கண்டாலே சிலர் முறைக்கும் காலம் வந்தது. அப்போதும் அவர் கதிரையில் மட்டும் நடுங்காமல் இருந்தோம்.

சிலாபத்தில் அவர் வீட்டில் நின்று, போய் வாருங்கள் டொக்டர் என்று மனதுக்குள் சொன்னேன். சவப்பெட்டியை மூடினார்கள். ஸிஹானா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இனி யாருக்கிட்ட ராத்தா நாம பயமில்லாம வாயத் திறக்கிற?"