சாத்தூர் கரிசலில் என் மகளின் நாற்பது மரங்கள்

விருதுநகர் பக்கம் போகிறவர்கள் இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் சிவகாசியில் பட்டாசு வாங்கப் போவார்கள். நான் போன மே மாதம் அக்கினி நட்சத்திர வெயிலில் போனது நாற்பது மரங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பார்க்க.

கதை இதுதான். என் மகள் நித்யா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வேலைக்கும் விமானம், விடுமுறைக்கும் விமானம். இப்படிப் பறந்து பறந்து பூமியைச் சூடாக்குகிறோமே என்ற உறுத்தல் அவளுக்கு உண்டு. அதற்கு மருந்தாக ஒரு கம்பெனியைப் பிடித்தாள். நீங்கள் பறப்பதால் வரும் புகைக்கு ஈடாக நாங்கள் மரம் நட்டு வளர்க்கிறோம் என்கிறது அந்தக் கம்பெனி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கணக்கில் சாத்தூர் பக்கம் நாற்பது மரம் நட்டதாகச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனுக்குப் படம் வரும். இப்போது தோழிகளோடு பத்து நாள் ஐரோப்பா போக ஆசை. "மரம் நிஜமா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, டிக்கெட் போட்டுடறேன்" என்றாள்.

என்னிடம் ஏன் கேட்டாள் என்றால், நான் முப்பத்தோரு வருடம் இன்ஷூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த குடோன், மூழ்கிய லாரி, காணாமல் போன சரக்கு என்று எதைக் காட்டினாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். காபி சூடாக இருக்கிறது என்று என் மனைவி சொன்னால்கூட டம்ளரைத் தொட்டுப் பார்க்கிற ஆள். கம்பெனி அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்றுகளின் அடியில் செம்மண். சாத்தூர் பக்கம் கரிசல் அல்லவா? பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது விருதுநகர். நான் இறங்கியபோது 5.20. ஸ்டேஷனுக்கு எதிரே இட்லி, வடை, காபி 85 ரூபாய். முதல் நாளே போனில் பேசி வைத்திருந்த கார் ஆறரைக்கு வந்தது. நாள் வாடகை 2,400 ரூபாய், ஏசி போட்டால் 300 கூட. ஓட்டியவர் ஜமால், விருதுநகர்க்காரர், நாற்பது வயது இருக்கும்.

ஜமாலுக்கு என்மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். மாரியம்மனுக்கு மாவிளக்கு இல்லை, கூடக் குடும்பம் இல்லை, பட்டாசும் வேண்டாம் என்கிறேன்.

"அண்ணாச்சி என்ன சோலியா வந்திருக்கீக? நெலம் பாக்கவா?"

"இல்லை தம்பி. மரம் பார்க்க."

"மரமா?" கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "பொகை, மாசுன்னு கேஸு போடுற ஆளுக யாரும் இல்லேல்ல?"

இல்லை என்றேன். நம்பினார் என்று சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

விருதுநகரிலிருந்து சாத்தூர் 27 கிலோமீட்டர். நாலு வழிச் சாலை, அரை மணி நேரம். இரு பக்கமும் சீமைக்கருவேலம். நடுநடுவே 90 சதவீதத் தள்ளுபடி என்று பட்டாசுக் கடைப் பலகைகள். மீதிப் பத்து சதவீதத்தில் அவர்கள் கடைக்கு வாடகை கொடுத்து, ஆளுக்குக் கூலி கொடுத்து, லாபமும் பார்க்கிறார்களாம். சர்வேயர் வேலையை விட்டாலும் இந்தக் கணக்கு என்னை விடுவதில்லை.

சாத்தூரிலிருந்து இருக்கன்குடி பத்து கிலோமீட்டருக்குள். வெள்ளிக்கிழமை போனால் கூட்டத்தில் நசுங்குவீர்கள். நான் போனது புதன்கிழமை, இருபது நிமிடத்தில் தரிசனம் முடிந்தது. கோயிலை ஒட்டிய ஆற்றில் மணலும் கருவேலமும்தான். எட்டரை மணிக்கே படிக்கல் காலைச் சுட்டது.

அங்கிருந்து கம்பெனியின் மரத் தோப்புக்குப் பதினோரு கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுதவில்லை, எழுதினால் அங்கே காவலுக்கு இருப்பவரின் வேலை போய்விடும். கம்பி வேலி, இரும்புக் கேட், பூட்டு. பூட்டைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் கூடியது. உள்ளே ஒன்றும் இல்லாத குடோன்களுக்குத்தான் பெரிய பூட்டு போடுவார்கள் என்பது என் அனுபவம். காவல்காரர் இரண்டு இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அரை மனதோடு திறந்தார்.

மரங்கள் இருந்தன.

வேம்பும் புங்கையும் வரிசை வரிசையாக, என் தலைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நின்றன. ஒவ்வொன்றிலும் எண் போட்ட தகரம். நித்யாவின் நாற்பதில் முப்பத்தெட்டு உயிரோடு இருந்தது. பட்டுப்போன இரண்டுக்குப் பதிலாகப் புதுக் கன்று வைத்திருந்தார்கள். போன வாரம் வேறெங்கிருந்தோ பிடுங்கி வந்து நட்டிருப்பார்களோ என்று ஒரு மரத்தை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. பட்டையை நகத்தால் சுரண்டினேன். பச்சை. செம்மண்ணுக்கும் பதில் இருந்தது. கரிசலில் குழி வெட்டி, லாரியில் செம்மண் கொண்டுவந்து நிரப்பித்தான் கன்று வைத்தார்களாம். குழியின் ஓரத்தைக் காலால் கிளறினேன், ஒரு ஜாண் தள்ளிக் கறுப்பு மண். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சொட்டு நீர்க் குழாயின் வாயில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அது ஒரு வாரத்தில் படிகிற உப்பு இல்லை. இரண்டு வருடமாகத் தவறாமல் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். இந்த ஊரில், இந்த வெயிலில், எங்கிருந்து?

"போருதான் சார்" என்றார் காவல்காரர். "ஆயிரம் அடிக்குப் பக்கத்துல போயிருக்கு."

"சுற்றி இருக்கிற கிணறுகள்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்." இதை மட்டும் வேகமாகச் சொன்னார்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல். "யாரு, புது போரு போட வந்த ஆளா?"

ஐம்பது வயதுக்குள் இருக்கும். பெயர் பேச்சியம்மாள். வேலியை ஒட்டி இரண்டு ஏக்கர் புஞ்சையும் ஒரு கிணறும் அவருடையவை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்றார். அப்படியென்றால் பகல் பதினொன்றரைக்கு எப்படி இங்கே இருக்கிறார் என்று கேட்டேன். கேள்வி கேட்கிற புத்தி போகாது.

"வெயிலு கூடிட்டா மருந்து வேலைய நிறுத்திப்புட்டு அனுப்பிருவாக. சூட்டுல உரசுனா என்ன ஆகும்? மளை வந்தாலும் நிறுத்திருவாக, சரக்கு காயணும்ல. முந்தியெல்லாம் இந்தப் பக்கம் வெயில நம்பித்தான் தொளிலே. இப்ப வெயிலு ஒரு வரம்புல நிக்க மாட்டேங்கு, மளை சொல்லிக்கிட்டு வர மாட்டேங்கு. வாரத்துல மூணு நாளு சம்பளம் வந்தா பெருசு."

புஞ்சையில் மக்காச்சோளம் போட்டாராம். வளர வேண்டிய மாதத்தில் மழை இல்லை. கதிரை ஒடித்துக் களத்தில் போட்ட பிறகு மூன்று நாள் கொட்டியது. கதிரிலேயே முளை விட்டுவிட்டது. வேலிக்கு வெளியே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் பாறையும் இரண்டு பிளாஸ்டிக் குடமும்தான். எப்போதிலிருந்து இப்படி என்றேன். வேலிக்குள் நிற்கிற மரங்களை மோவாயால் காட்டினார். காவல்காரர் கேட்டைப் பூட்டப் போவதுபோல் நகர்ந்துவிட்டார்.

இது யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்து என்னிடம் பேச வைத்த பேச்சாக இருக்குமோ என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அவருக்கோ என்மேல் அதைவிடப் பெரிய சந்தேகம்.

"நாப்பது மரத்தப் பாக்கவா மெட்ராஸ்லருந்து வந்தீக? இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லையே?"

விளக்கினேன். என் மகள் விமானத்தில் போகிறாள், விமானம் புகை விடுகிறது, அந்தப் புகையால்தான் உலகம் சூடாகிறது, மழை தப்புகிறது, அதற்கு ஈடாக இந்த மரம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கிணற்றைப் பற்றித் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் யோசித்துவிட்டு வேறொன்று கேட்டார்.

"அப்ப உங்க மக எம்புட்டுப் பறந்தாகளோ அம்புட்டு மரம் வெப்பாகளா?"

"அப்படித்தான்."

"இந்த வருசம் பறப்பாகளா ஐயா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே சொன்னார். தோப்புக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு வருடா வருடம் குத்தகைப் பணம் தவறாமல் வருகிறது. இவரும் போய்க் கேட்டிருக்கிறார். 'ஆர்டர் வரட்டும், உங்க காட்டையும் எடுத்துக்கிடுதோம்' என்றார்களாம். அங்கே புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் சொல்கிறார்கள். ஆர்டர் என்றால் என் மகளைப் போன்றவர்கள் இன்னும் பறப்பதுதான் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் இல்லாத நிலத்தில் இனி வேறு எதுவும் போட முடியாது. கம்பெனி எடுத்துக்கொண்டால் பிழைத்தார், இல்லாவிட்டால் அந்த இரண்டு ஏக்கரும் கருவேலத்துக்குத்தான்.

அந்த நேரம் பார்த்து நித்யா போன் செய்தாள். "மரம் இருக்காப்பா?" என்ற அவள் குரல் வெளியே கேட்டது. பேச்சியம்மாள் கையை நீட்டினார். கொடுத்துவிட்டேன்.

"தாயி, மரமெல்லாம் நல்லா இருக்கு. நீங்க ஒண்ணும் நெனைக்காம போயிட்டு வாங்க. அடுத்த வட்டமும் போங்க. இங்கன எங்க காடு சும்மாதான் கெடக்கு."

நித்யா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வெயில் தாழ்ந்து மூன்று மணிக்குப் பட்டாசுக் கம்பெனிக்குத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பேச்சியம்மாளும் எங்கள் காரிலேயே ஏறினார். வழியில் ஒரு கிணற்றடியில் ஜமால் முகம் கழுவ நிறுத்தினார். பாதிக் கிணறு தண்ணீர், கலங்கல் இல்லாமல். யாருடையது என்றேன். தன் கொழுந்தனுடையது என்றார் பேச்சியம்மாள். பேச்சியம்மாள் நிலத்தை அடுத்து, தோப்பு வேலியிலிருந்து தள்ளி இருக்கிற நிலம் அது.

"உங்கள் காட்டிலும் போர் போட்டால் இந்தக் கிணறு?"

அவர் கிணற்றைப் பார்க்கவில்லை. "அவனும் காட்டக் குடுத்துருவான்" என்றார்.

கார் திரும்பக் கிளம்பியது. ஏசியை அணைக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. தீ விபத்து அறிக்கையில் நஷ்டத்துக்குக் காரணம் என்று ஓர் இடம் உண்டு. அங்கே ஏதாவது ஒரு பெயரை எழுதாமல் நான் எந்தக் கோப்பையும் மூடியதில்லை. இங்கே பொய் சொன்னவர் யாரும் இல்லை. கம்பெனி சொன்னபடி மரம் வளர்க்கிறது, என் மகள் மனசாட்சிக்குப் பயந்துதான் பணம் கட்டினாள். ஆனாலும் மழையைக் கெடுத்ததில் எங்களுக்குப் பங்கு இருக்கிறது, அதைச் சரிசெய்கிறோம் என்று கிணற்றையும் வற்றவைத்திருக்கிறோம். காரணம் என்ற இடத்தில் என் வீட்டு முகவரியைத்தான் எழுத வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். ஏப்ரல், மே வேண்டாம். தை, மாசி நல்லது. பட்டாசுக் கம்பெனிகள் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள், உள்ளே விடவும் மாட்டார்கள், விடக் கூடாது என்பதே சரி. சாத்தூரில் காராச்சேவு கால் கிலோ 80 ரூபாய்க்கு வாங்கினேன், சூடாகப் போடும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். எனக்கு ரயில், கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,150 ரூபாய் ஆனது. உங்கள் பெயரிலும் எங்காவது மரம் நட்டிருந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். வேலிக்கு வெளியே வந்து, பக்கத்துக் கிணற்றையும் எட்டிப் பாருங்கள்.

சாத்தூரில் சேவுப் பொட்டலம் மடிப்பதற்குக் காத்திருந்தபோது நித்யாவைக் கூப்பிட்டேன். மரம் இருக்கிறது, நன்றாக வளர்ந்திருக்கிறது, ஆனால் டிக்கெட் போடாதே என்றேன்.

"ஏம்ப்பா, ஏமாத்து வேலையா?"

"ஏமாத்தா இருந்திருந்தா தேவலை" என்றேன். பார்த்ததையெல்லாம் சொன்னேன். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் தோழிகளிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

சரியான காரியம் செய்தோம் என்று நானும் அவளும் நினைத்துக்கொண்டோம். நேற்று இதை எழுத உட்கார்ந்தபோது பேச்சியம்மாள் போன் செய்தார். காரிலிருந்து இறங்கும்போது என் நம்பரை வாங்கி வைத்திருந்தார்.

"உங்க மக ஊருக்குக் கெளம்பிட்டாகளா ஐயா?"

"இல்லைம்மா. போகவில்லை."

"ஏன் ஐயா, பிள்ளைக்கு ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.