நெற்களத்தில் சா-சா-சா

சென்ற வருடம்வரை வியாழக்கிழமை மாலைகளில், நாங்கள் குடியிருக்கும் ஊரின் தேவாலயக் கூடத்தில் காகிதக் கோப்பைத் தேநீரோடு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என் கண்ணெதிரே ஒரு பையன் வந்து என் மகளின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் தன் வலது கையை வைப்பான். அவள் தன் இடது கையை அவன் தோளருகே வைப்பாள். பாட்டு தொடங்கும். பக்கத்து நாற்காலிகளில் இருக்கும் ஐரிஷ் அப்பாக்கள் மழையைப் பற்றியும் மாட்டு விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன், தேநீர் ஆறிப்போகும். அயர்லாந்தின் குளிர் பழகிவிட்டது. நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பர் பழகிவிட்டது. அந்தக் கை பழக எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நான் தேயிலை மலை ஊரான சித்திரபுரத்துக்காரன். அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தார். மின்வாரியக் கோட்டர்ஸில் வளர்ந்து, மலையிறங்கிக் கல்லூரியில் படித்தவன். மனைவி சாந்திக்கு ஊர் மலைக்குக் கீழே நெல் விளையும் நல்லேப்பிள்ளி. அவளுடைய நர்ஸ் வேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்தது. நான் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். மகள் பவித்ராவுக்குப் பதினாறு வயது. இந்த ஆகஸ்டில் விடுமுறைக்குப் போனபோது சாந்தியின் அண்ணன் பழனிசாமி சாப்பாட்டு இலைக்கு முன்னால் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, அப்படி என்னதானுங்க ஆடறீங்க அப்பனும் புள்ளையும்?" எனக்கு வார்த்தை குழறியது. தொலைபேசியில் கேட்ட சொந்தக்காரர்களிடமும் குழறினேன். இனிமேல் குழறுவதாக இல்லை. கேட்டவர்களுக்கும், என்னைப் போல எங்கோ ஒரு கூடத்தின் சுவரோரம் தேநீரோடு உட்கார்ந்திருக்கும் தகப்பன்மாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இதன் பெயர் லத்தீன் பால்ரூம். ஐந்து ஆட்டங்கள். சா-சா-சாவும் ரும்பாவும் கியூபா பக்கத்தவை. சாம்பா பிரேசிலுடையது; முழங்கால்கள் மடங்கி நிமிர, உடம்பு சின்னச் சின்னதாகக் குதித்துக்கொண்டே இருக்கும். பாசோ டோப்ளே காளைச் சண்டையை நடித்துக் காட்டுவது. ஆடுகிற ஆண்தான் காளையோடு மோதும் வீரன்; பெண் பெரும்பாலும் அவன் கையில் சுழலும் துணி. அதைப் பார்க்கும்போதெல்லாம் மஞ்சுவிரட்டுக்குப் போய் முட்டு வாங்கி வந்த எங்கள் சித்தப்பா நினைவுக்கு வருவார். ஜைவ் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஆடிப் பிறந்தது. பின்னால் ஒரு காலை வைத்து, திரும்ப முன்காலுக்கு வந்து, பக்கவாட்டில் இரண்டு குறுந்தாவல். ரும்பா இவற்றில் மிகவும் மெதுவானது. அதில் தாளத்தின் முதல் தட்டுக்குக் கால் நகராது. இரண்டாம் தட்டில்தான் அடி எடுத்து வைக்க வேண்டும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு ரும்பா வராது என்பது எங்கள் ஆசிரியை மொரீனின் கணக்கு.

எங்களுக்கு வாய்த்தது சா-சா-சா. இடது காலை முன்னால் வைத்து நிறுத்து, எடையை வலது காலுக்குத் திருப்பு, பிறகு பக்கவாட்டில் மூன்று விரைவான அடி. அந்த மூன்றுதான் சா-சா-சா. அடுத்தது அப்படியே பின்பக்கமாக. பாதத்தின் முன்பகுதி முதலில் தரையை அழுத்த வேண்டும், குதிகால் பிறகு. எடையை வாங்கும் கால் நேராக நிமிர வேண்டும். "இடுப்பை ஆட்டுகிறார்கள்" என்றுதானே சொல்கிறீர்கள்? யாரும் இடுப்பை ஆட்டுவதில்லை. கால் நிமிர்ந்தால் இடுப்புக்குப் போக வேறு இடமில்லை, பக்கவாட்டில் போகிறது. எழுந்து நின்று செய்து பாருங்கள். செய்து பார்த்தபின் ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற டிசம்பரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பள்ளிக்கு எதிரே சாலையைக் கடந்த பவித்ராவை ஒரு வேன் அடித்துப் போட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். செய்தி வந்தபோது நான் பேருந்தில் இருந்தேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பயணிகளிடம் என்ன சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. ஈரச் சாலையில் பள்ளி வாசல் வந்தால் இப்போதும் பேருந்தை நடை வேகத்துக்குக் குறைத்துவிடுகிறேன். பிள்ளை நடந்தாள், பிறகு படியேறினாள், வசந்தத்தில் மருத்துவர் ஆடலாம் என்றும் சொல்லிவிட்டார். ஆனால் அவளோடு ஆடிய பையன் அதற்குள் வேறொரு பெண்ணோடு போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். வேறு பையனைத் தேடலாம் என்று மொரீன் சொன்னதற்கு பவித்ரா கூடத்தின் வாசலைத் தாண்டி உள்ளே வரவே மறுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேற யாரு கையையும் நம்பி என்னால கால வைக்க முடியலப்பா. நீங்க பிடிச்சா ஆடுறேன்."

அக்டோபரில் ஒரு பதக்கத் தேர்வு இருந்தது. நடுவர் முன்னால் ஒரே ஒரு சா-சா-சா. பெண் ஆடுவதற்குத்தான் மதிப்பெண். கூட ஆடுகிறவர் யாராகவும் இருக்கலாம். அன்று ஆட்டத் தரையில் ஏறாவிட்டால் இந்தப் பிள்ளை இனி ஏறவே மாட்டாள் என்பது எனக்குத் தெரிந்தது. மொரீன் என்னை நடுவில் நிறுத்தி, இதற்கு முன் ஆடியிருக்கிறீர்களா என்று கேட்டார். சாவு ஊர்வலத்தில் ஆடியிருக்கிறேன் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் முகம் மாறி, என் கையைப் பிடித்து, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றார். பெரியப்பா போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது என்று விளக்க எனக்கு அப்போது ஆங்கிலம் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவரிடம் சொல்வதுபோல நன்றி என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் அது பொய்யில்லை. பெரியப்பா இறந்தபோது எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து சுடுகாடுவரை தப்பு மேளத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனோம். சட்டை கிழிந்தது, ஒருவன் தேயிலைச் சரிவில் உருண்டான், ஜீப்புகள் ஒதுங்கி நின்றன. அதை ஒருவரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. பிணத்துக்கு முன்னால் குடித்துவிட்டு நடுரோட்டில் ஆடலாம். செத்துப் பிழைத்த மகளோடு நிதானமாக, தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாக ஆடினால் மானம் போய்விடுமா?

அடிகள் வந்துவிட்டன. வராதது ஒன்றுதான். சா-சா-சாவில் ஸ்பாட் டர்ன் என்று ஒன்று உண்டு. பிடித்த கைகளை விட்டுவிட்டு, அவரவர் நின்ற இடத்திலேயே இரண்டு அடியில் ஒரு முழுச் சுற்று. திரும்பிவந்து மூன்று அடியில் மறுபடி கைகோத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்றில் அவள் முழு எடையும், துணையில்லாமல், தகடு வைத்த காலின் மேல் வந்து போகும். நான் கையை விடவே மாட்டேன். விட வேண்டும் என்று தெரியும், பாட்டு அந்த இடத்துக்கு வரும், என் விரல்கள் இறுகும். அவள் பாதிச் சுற்றில் இழுபட்டு நிற்பாள். விடுங்கள், அவளுக்கு உங்கள் கை இடைஞ்சல் என்று மொரீன் ஒவ்வொரு வாரமும் சொன்னார். மலைச்சாலையில் பேருந்து நிறுத்தம்வரை பிள்ளை கையைப் பிடித்தே கூட்டிப்போகிற ஊரில் பிறந்தவன் நான். கையை விடுவதற்கு ஒரு வகுப்பு வேண்டும் என்று யார் நினைத்தார்கள்?

ஆகஸ்டில் நல்லேப்பிள்ளிக்குப் போனோம். மச்சான் வீட்டின் பின்னால் நெல் காயப்போடும் சிமெண்ட் களம் இருக்கிறது. மழை கழுவி, வெயில் உலர்த்தி, கூடத்து மரத்தரையைவிட வழவழப்பாகக் கிடந்தது. முதல் நாளே பவித்ராவின் கண் அதன்மேல் விழுந்துவிட்டது. முந்தி நட்ட வயலை இயந்திரம் அறுத்த மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், களத்தில் இறங்கினோம். அவள் ஆட்டக் காலணியை மாட்டிக்கொண்டாள். கைப்பேசியில் பாட்டு. பத்து அடி ஆடியிருக்க மாட்டோம், மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். பின்னால் நெல்லை வாரிக் கொட்ட வந்த இரண்டு பெண்கள்.

"ஏனுங்க மாப்ள, என்னங்க இது?"

அந்த நிமிடத்துக்காகத்தான் நான் விமானத்திலேயே தயாராக இருந்தேன். அவள் ஆடுவாள், நானும் ஆடுவேன், ஊர் என்ன சொன்னாலும் நிறுத்தப் போவதில்லை, பிடிக்காவிட்டால் இன்றைக்கே சித்திரபுரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். சாவு ஊர்வலத்தையும் இழுத்தேன். மச்சான் முழுவதும் கேட்டார்.

"அதெல்லாம் பொறவு பேசிக்கலாமுங்க. நெல்லுக் கொட்டற களத்துல செருப்போட நிக்கறா பாருங்க. மொதல்ல அதக் கழட்டச் சொல்லுங்க."

வந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகம் எரிந்தது. சோறாகப் போகிற நெல் விழும் இடத்தில் செருப்புக் கால் படக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? என் மகளுக்குத்தான் தெரியாது; நான் சொல்லித் தந்ததில்லை. பவித்ரா அங்கேயே குனிந்து, காலணியைக் கழற்ற வலது காலின் பேண்ட்டை மேலே சுருட்டினாள். முழங்காலுக்குக் கீழே நீளமாக ஓடும் தழும்பை மச்சான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

"காலுக்குள்ள இரும்ப வெச்சுட்டு ஆட உடறீங்களே மாப்ள. உழுந்தா என்னங்க பண்ணுவீங்க?"

நான் பயந்திருந்தது ஊர் வாய்க்கு அல்ல என்று அப்போது புரிந்தது. எட்டு மாதமாக என் விரல்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் அவர் கேட்டார். "விழுந்தா தூக்குவேன் மச்சான்," என்றேன். "விழுவான்னு சொல்லி உக்கார வைக்க மாட்டேன்."

"எனக்குப் புடிக்கலீங்க. சொல்லிப்போட்டேன்," என்றார். ஆனால் போகவில்லை. சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, வெயில் வர்றதுக்குள்ள முடிச்சுக்கோ கண்ணு என்று பவித்ராவிடம் சொன்னார்.

வெறுங்காலோடு ஆடினோம். முன்னே, பின்னே, பக்கவாட்டில் மூன்று. சுற்று வரும் இடத்துக்குச் சற்று முன் அவள் என் காதருகே, "அப்பா, இந்தத் தடவ விட்ருங்க," என்றாள். விட்டேன். எனக்கும் சுற்ற வேண்டியிருந்ததால் முதுகு திரும்பியது. தென்னை, வயல், சாக்கின் மேல் மச்சான் எல்லாம் ஓடின, மகள் மட்டும் கண்ணில் இல்லை. அவள் பாதம் சிமெண்டில் பதிகிற சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. திரும்பியபோது அவள் கொஞ்சம் தள்ளாடியபடி, கையை நீட்டிக்கொண்டு, எனக்கு முன்னமே வந்து நின்றாள். அந்தப் பெண்கள் இருவரும், இன்னொருக்கா சுத்து சாமி என்றார்கள். மச்சான் எழுந்து நெல்லைக் கொட்டச் சொன்னார். போகிற போக்கில், ஆடினது போகட்டும், அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டிவிடாதீர்கள் என்றார். நான் தலையாட்டவில்லை. இதோ, மச்சான், காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபரில் தேர்வு நடந்த அன்று, தரை வழுக்காமலிருக்க மொரீன் பவித்ராவின் காலணி அடித்தோலைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கொடுத்தார். தூரிகையில் பொன்னிறமாக ஏதோ சிக்கியது. இது என்ன என்று கேட்டார். நெற்களத்தில் காலணியோடு ஆடிய அந்தப் பத்து அடியில் ஒட்டிய நெல் உமி. அரிசி என்றேன். ஓ, கல்யாணத்துக்குப் போயிருந்தீர்களா என்று மகிழ்ந்துபோனார். இங்கே மணமக்கள் மேல் அரிசி தூவும் வழக்கம் உண்டு. ஆமாம் என்றேன். உமியைத் தட்டிக் கீழே போடப் போனவரிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் எண்ணை அழைத்தார்கள். என் வலது கையை மகளின் தோள்பட்டை எலும்பின் மேல் வைத்தேன். சுவரோரம் ஐரிஷ் அப்பாக்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுற்று வந்தது, விரல்கள் இறுகின, பிறகு தாமாகவே விரிந்தன. முதுகு திரும்பிய அந்த இரண்டு தட்டில் எதிரே ஈரமான ஜன்னல் மட்டுமே தெரிந்தது. மரத்தரையில் அவள் குதிகால்கள் டக், டக் என்று விழுந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்டது சிமெண்டில் பதிந்த வெறுங்கால். கையை நீட்டிக்கொண்டு திரும்பினேன்.