ஊசி போடாத டாக்டர்

டைகர் என்று பெயர் வைத்ததோடு சரி. ஓட்டின்மேல் குரங்கு குதித்தாலே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் வீரன் எங்கள் நாய். குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் முக்கில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், மழை ஓய்ந்த சமயத்தில், டைகருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. தும்மும், தலையை உதறும், முன்காலால் மூக்கைப் பிறாண்டும். சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமா எஸ்டேட்டில் சூப்பர்வைசர். எந்த வியாதிக்கும் செல்போனில் பதில் வைத்திருப்பவர். தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "வெறி புடிச்சிருச்சுங்க. இனித் தண்ணியே குடிக்காது பாருங்க" என்றார். டைகரை விறகுக் கொட்டகையில் கட்டினார்கள். பயத்தில் யாரும் கிட்டே போகவில்லை, தண்ணீரும் வைக்கவில்லை. மறுநாள் காலையில், அது தண்ணீர் குடிக்கவில்லை என்பதையே சாட்சியாக வைத்து மாமா வழக்கை முடித்துவிட்டார்.

"கொண்டு போய் ஊசி போட்டுட்டு வந்தர்றேன்" என்று அப்பா அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கோ நிம்மதி. முன்பு கால்நடை முகாமில் ஊசி போட்ட பிறகு டைகர் எவ்வளவு நன்றாக இருந்தது! அப்பா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நான் கடை வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் டைகர், ஒரு சாக்கு, ஒரு மண்வெட்டி.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் அக்கா கோயமுத்தூர்ப் பக்கம். அப்பா என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "ஊசி போட்ருங்க டாக்டர். புள்ளைங்க இருக்கற ஊடு" என்றார்.

"பாத்துட்டுச் சொல்றனுங்க. முன்னால வெறிநோய்க்கு ஊசி போட்டிருக்கீங்களா?"

"முகாம்ல போட்டதுங்க. ஆனா இப்பத் தண்ணி குடிக்க மாட்டேங்குது."

"நாம வெக்கவே இல்லையேப்பா" என்றேன் நான். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

கையுறை மாட்டினார். துணிப்பட்டையால் டைகரின் வாயைக் கட்டினார். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தார். வயிற்று முடியை விலக்கி, தோலில் ரத்தப்புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு துளிப் பஞ்சை எடுத்து மூக்குக்கு முன்னால் பிடித்தார். வலது துளைக்கு முன்னால் பஞ்சு மூச்சுக்காற்றில் ஆடியது. இடது துளைக்கு முன்னால் அசையவே இல்லை. ரத்தம் வந்ததும் அந்தத் துளையில்தான். நாங்கள் அத்தனை பேரும் ரத்தத்தைத்தான் பார்த்தோம், அது ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

"இது எங்கிங்க தண்ணி குடிக்கும்?"

"ஊட்டுக்குப் பின்னால ஓடையிலங்க."

டாக்டர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து டைகரின் மூக்குக்குக் கீழே பிடித்தார். டைகர் தாகத்தில் தவித்தது. இடது துளையிலிருந்து கரும்பழுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. உள்ளே போனது. மறுபடி நீண்டு வந்து தண்ணீரைத் தொட்டது. டாக்டர் இடுக்கியால் பிடித்து மெல்ல மெல்ல இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது. என் விரலைவிட நீளமான அட்டை.

அட்டை எங்களுக்குப் புதிதல்ல. தேயிலைக்குள் போய்வந்து காலில் அட்டை எடுக்காத ஆளே எஸ்டேட்டில் கிடையாது. மாமாவின் சட்டைப் பையில் அதற்கென்று எப்போதும் புகையிலைத்தூள் இருக்கும். ஆனால் அது மூக்குக்குள் குடியிருக்கும் என்று அவருக்கே தோன்றவில்லை.

"இது தண்ணியில இருக்கற சாதிங்க. பொடிசா இருக்கறப்ப ஏறி, உள்ளயே வளந்திருக்குது. நீங்க தண்ணி வெக்காம இருந்ததுனால அதுக்கும் தாகம். அதான் சுருக்கா வெளிய வந்திருச்சு" என்றார் டாக்டர். வாய்க்கட்டை அவிழ்த்ததும் டைகர் கிண்ணத்துத் தண்ணீரைச் சளக் சளக்கென்று ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது. அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். தண்ணீர் குடித்தால் அதிலென்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் எனக்கு ஒரே ஒரு குறைதான். "வந்த வேலைய மறந்துட்டாங்களேப்பா. டைகருக்கு ஊசியே போடல. நாளைக்கு வந்து போட்டுட்டுப் போலாமா?" என்றேன்.

அப்பா ஒரு வளைவில் வேனை ஓரம்கட்டினார். இறங்கிப் பின்கதவைத் திறந்து, சாக்கையும் மண்வெட்டியையும் ஒதுக்கிவிட்டு, டைகரின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். அவருடைய தோள் குலுங்கியது. மூக்கில் இன்னொரு அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.