ஹோசியா கேட்ட பஸ்

அமெரிக்காவில், ஜார்ஜியாவின் அந்தப் பருத்திக் காட்டுப் பக்கம் ஹோசியா டார்ப்லியைப் போல ஒரு பிடிவாதக்காரரைப் பார்க்க முடியாது. கறுப்பர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில் தன் நிலத்தில் ஒரு மூலையைக் கொடுத்தவர் அவர். ஊரைக் கூட்டி, பைன் மரங்களை அறுத்து, கட்டியும் முடித்தார். மின்சாரம் எப்படியும் வராது என்று பாதிச் சுவருக்குச் சன்னலாகவே வைத்தார். நிலத்தை மாவட்டத்தின் பெயருக்கு எழுதினால்தான் டீச்சருக்குச் சம்பளம் என்றார்கள். வேறு வழி? எழுதிக் கொடுத்தார்.

அதன்பிறகு அவர் கேட்டது ஒரே ஒரு பஸ். வெள்ளைக்காரப் பிள்ளைகளின் மஞ்சள் பஸ், நடந்து போகும் கறுப்பர் பிள்ளைகள்மேல் தினமும் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போகும். அதைப் பார்க்கப் பார்க்க ஹோசியாவுக்கு வயிறு எரியும். வருஷா வருஷம் பருத்தி எடுத்து முடிந்ததும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கல்வி அதிகாரி வீலிஸ் முன்னால் போய் நிற்பார்.

"மறுபடியும் நீயா? பஸ் என்ன மரத்துலயா காய்க்குது? உங்க புள்ளைங்களுக்குக் கால் இல்லையா?"

"கால் இருக்குங்கய்யா. செருப்புதான் இல்ல."

வீலிஸ் விழுந்து விழுந்து சிரிப்பார். பஸ் மட்டும் வராது.

ஹோசியாவின் தலை நரைத்த பிறகு, நிறம் பார்த்துப் பள்ளிகளைப் பிரிக்கக் கூடாது என்று தலைநகரத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாவட்டத்து ஆட்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கறுப்பர்கள் வெள்ளைப் பள்ளி வாசலில் வந்து நின்றுவிடுவார்களே! அவசர அவசரமாக டவுனுக்கு அந்தப் பக்கம், கறுப்பர்களுக்கென்றே ஒரு செங்கல் பள்ளியைக் கட்டினார்கள். கிராமத்துப் பள்ளிகளை மூடச் சொல்லிவிட்டார்கள்.

ஹோசியா அடித்துப் பிடித்து ஓடினார். "அது நான் குடுத்த இடமுங்கய்யா. மூடுறதா இருந்தா எங்களுக்கே திருப்பிக் குடுத்துடுங்க."

"குடுத்தது குடுத்ததுதான். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு வித்தாச்சு, வைக்கோல் போடப் போறாராம்" என்றார் வீலிஸ். "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிற? புதுப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் விடுறோம். நீ கேட்டதுதானே?"

திங்கட்கிழமை காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பேத்தி புதுக் கவுனோடு ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

"எந்திரிச்சு வந்துதான் பாருங்களேன்" என்றாள் மனைவி இடெல்லா. "பஸ்சு பஸ்சுன்னு உசுர விட்டீங்களே!"

"பள்ளிக்கூடத்துக்குத்தான்டி பஸ் கேட்டேன்" என்று கத்தினார் ஹோசியா. "பள்ளிக்கூடத்தையே புடுங்கிட்டுப் போகவா கேட்டேன்?"

பஸ் போய்விட்டது. எதிரே பழைய பள்ளிக்கூடத்தில் பண்ணையாள் ஒருவன், ஹோசியா வைத்த சன்னல்களை ஒவ்வொன்றாகப் பலகை அடித்து மூடிக்கொண்டிருந்தான். வைக்கோலுக்கு எதற்கு வெளிச்சம்?