பச்சைமுத்துவின் வலைச்சுவர்

காலையில் கண் விழித்ததும் பச்சைமுத்துவுக்கு ஒரே வேலைதான். வாசற்படியிலிருந்து அலை தொடும் இடம்வரை தப்படி வைத்து எண்ணுவார். முன்னால் கடல், பின்னால் பழவேற்காடு ஏரி, நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அங்கேதான் பிறந்தார், வலை பிடித்தார், மகள் ஆர்த்தியைத் தெற்கே இரண்டு வீடு தள்ளிக் கட்டிக்கொடுத்தார். வீடு கட்டியபோது நூற்றுப்பத்துத் தப்படி. போன ஐப்பசியில் நாற்பது. இந்த ஐப்பசியில் பத்தொன்பது!

வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடலுக்குப் பேய் பிடித்துவிடும். சும்மா அடுக்கிய மணல் மூட்டையை ஒரே இழுப்பில் அள்ளிக்கொண்டு போகும். இது ஊருக்கே தெரிந்த கதை. பச்சைமுத்து வலைக்காரர் மூளையைச் செலவழித்தார். கிழிந்த வலைகளை விரித்து, மூட்டைகளை உள்ளே அடுக்கி, வலை ஊசியால் வாயைத் தைத்து, வீட்டுக்கு முன்னால் மார்பளவு சுவர் எழுப்பினார். பத்து நாள் வேலை. "பரவால்ல, உனுக்கும் மூள இருக்குது" என்று மனைவி நாகம்மாள் சிரித்தாள்.

வாடை வந்தது. சுவர் அசையவில்லை. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாம் நாள் காலை, தெற்கு வீட்டு பிலோமினாவின் அலறல் கேட்டு ஓடினார். சுவரில் மோதிய தண்ணீர் அதன் தெற்கு முனையைச் சுற்றிப் போய், அவள் வாசல் மணலை அரிவாள் போல வளைத்துக் குடைந்திருந்தது. பந்தலின் இரண்டு கால்கள் அந்தரத்தில் தொங்கின.

பிலோமினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எனுக்கும் இதே மாரி ஒண்ணு கட்டிக் குடுண்ணா" என்றாள்.

தலையாட்டிவிட்டார். பழைய வலை தீர்ந்துபோயிருந்தது. கடலுக்குக் கொண்டுபோகும் வலையையே அவள் வாசலில் விரித்தார். புதுச்சுவர் எதுவரை போகும் என்று நிமிர்ந்து பார்த்தார். அது முடியும் இடத்தில், தன் வாசலில், ஆர்த்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, அடுத்தாப்ல எங்களுக்கும் கட்டுவியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவளுக்கும் கட்டினால், அதற்குத் தெற்கே கேசவன் வீடு. வலையைச் சுருட்டினார். கத்தியோடு நேரே தன் சுவருக்குப் போய்த் தையலை அறுக்கத் தொடங்கினார்.

"இன்னாயா செய்ற? பைத்தியம் புடிச்சிச்சா?" நாகம்மாள் கையைப் பிடித்தாள். "நம்ம வூடு போயிடும்!"

"போவும். இத வுட்டா பிலோமினா வூடு போவும். அவளுக்குக் கட்டினா நம்ம பொண்ணு வூடு போவும். எந்த வூட்டத் தரலாம், நீயே சொல்லு."

நாகம்மாள் பிடித்திருந்த கையை விட்டாள். கொஞ்ச நேரம் நின்று அழுதாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களை மூட்டையாகக் கட்டினாள்.

சுவர் போய்விட்டது. இப்போதெல்லாம் காலையில் மூன்று வாசலிலும் எண்ணுகிறார். பிலோமினா வாசலில் இன்று ஒன்பது, மகள் வாசலில் பதினான்கு. அவர் வாசலில் ஏழு.